எங்கள் தெரு உயர்ந்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளையும் என் மகளும், பேரக்குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் சுகம். வீட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை.

பள்ளி விடுமுறைக்கு எல்லோருமாக இங்கே வந்து தங்கலாமா என்று தாங்கள் தொலைபேசியில் கேட்டபோது, "தாராளமா வாங்க, வீடு பாறை மாதிரி நிக்குது" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச்சு நகராது என்பதும், என்னுடைய இரண்டாவது உதாரணத்தில் தாங்கள் தொலைபேசியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள் என்பதும் நாம் இருவரும் அறிந்ததே. கடிதம் என்றால் தாங்கள் பாதியில் கீழே வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. இருவருக்கும் நிம்மதி.

எங்கள் ஊருக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம் இருப்பது தங்களுக்குத் தெரியும். அங்கே கரி முழுவதையும் ஒரே மூச்சில் வழித்து எடுத்துவிடுவதில்லை. மேலே இருப்பது விழாமல் இருக்க அங்கங்கே கரியையே தூண்களாக விட்டுவிட்டு இடையில் உள்ளதை எடுப்பார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் அந்தத் தூண்கள் மேலும் ஆசை வரும். ஒரு கொசுவலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலையிலும் கயிறு கட்டிவிட்டு உள்ளே படுத்திருக்கிறோம். யாரோ ஒவ்வொரு கயிறாக அவிழ்த்துக்கொண்டே வந்தால் வலை என்ன செய்யும்? மெதுவாக இறங்கி மூக்கின் மேல் படுக்கும். தூணை எடுத்தால் சுரங்கத்தின் கூரை இறங்கும், கூரை இறங்கினால் அதற்கு மேலுள்ள மண் இறங்கும், அந்த மண்ணின் மேல்தான் நாங்கள் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் தெரு முடிகிற இடத்தில் வயல்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு அடியில் தூண்களை எடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்து எங்கள் தெரு.

இந்த நிலையில் தெருவில் உள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரும் நிலம் இறங்குகிறது, சுவர் வெடிக்கிறது என்று சுரங்க நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தார்கள். என்னைத் தவிர எல்லோரும். விசாரிப்பதற்காக நிறுவனத்தின் குறை கேட்கும் அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பேச்சில் தேன். இறங்குவது உண்மை என்று தெரிந்தால் தெருவுக்கு அடியில் உள்ள தூண்களைத் தொடமாட்டோம், இறங்கவில்லை என்றால் எடுத்துவிடுவோம், இதை அளந்து பார்த்துச் சொல்ல ஊரிலிருந்தே ஒரு நடுநிலையாளர் வேண்டும் என்றார். பிறகு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"புகார் கொடுக்காத ஒரே வீட்டுக்காரர் நீங்கதான் சார். உங்களைவிட நடுநிலையான ஆள் எங்களுக்கு எங்க கிடைப்பாங்க? அதுவும் பூகோள வாத்தியார்!"

பணி ஓய்வுக்குப் பிறகு என்னை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. கடைசியாக என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டது பல் மருத்துவமனையில்தான். ஆகவே அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

நான் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். என் வீட்டில் குறை ஏதும் எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்தது. ஆனால் அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது.

"ஏங்க, வாணலியில எண்ணெய் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்குது."

"அடுப்புக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடிச்சு வை."

"பீரோக் கதவு தானாத் திறந்துக்குது."

"பூட்டு பழசு."

"முன்கதவு உரசுது."

"ஈரம். மரம் ஈரத்துல உப்பும். விரலைத் தண்ணியில ஊற வச்சா உப்புறதில்லையா?"

அவள் தன் விரலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீங்க. பாவம், வீட்டுக்குத்தான் அது தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் தச்சரை வரவழைத்துக் கதவின் அடிப்பக்கத்தை இழைக்கச் சொன்னேன். மீண்டும் உரசியது, மீண்டும் இழைத்தார். இப்போது கதவுக்கு அடியில் பக்கத்து வீட்டுப் பூனை படுத்தபடியே உள்ளே வரலாம், ஆனால் மேல் மூலை மட்டும் நிலையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். தச்சர் சரியில்லை.

விசாரணையை முறைப்படி நடத்தினேன் சம்பந்தி. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு முனையிலும் சாந்து பூசி ஒட்டிவிட வேண்டும். விரிசல் பழையது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். விரிசல் இன்னும் விரிகிறது என்றால் கண்ணாடி உடையும். எவ்வளவு எளிமையான உத்தி பாருங்கள். எனக்கு அடுத்த வீடு தையல்காரம்மாவுடையது. கணவர் இல்லை, வீட்டின் முன்னறைதான் கடை. அவர் வீட்டில் ஒட்டிய கண்ணாடி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"சார், கண்ணாடி உடைஞ்சிடுச்சு."

"தையல் மிஷின் ஓடுற அதிர்வும்மா அது."

"மிஷினேதான் சார் ஓடுது! நான் மிதிக்க மிதிக்க அது பாட்டுக்குச் சரிஞ்சு போயிட்டே இருக்கு. காலையில ஜன்னல்கிட்ட உட்கார்ந்து சட்டைக்குக் கை தைச்சா, சாயங்காலம் சமையலறை வாசல்ல பட்டன் கட்டுறேன்."

"சக்கரத்துக்கு எண்ணெய் அதிகமாப் போட்டிருப்பீங்க" என்றேன். எண்ணெய் விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே வீட்டில் அனுபவம் இருந்தும் இப்படிச் சொன்னேன்.

தெருவின் மறுகோடியில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் இருக்கிறார். அவருடைய புகார் ஒரு முழுத் தாளுக்கு இருந்தது. வெளிக்கதவு மூடவில்லை, தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை, கடைசியில் முழங்கால் வலி.

"முழங்காலுக்கு அடியில யாரும் தோண்டலையே?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதிக்குங்க வாத்தியாரே. அவங்க வந்து இல்லைன்னு நிரூபிக்கட்டும்."

இப்படிப் பேச்சுக்கெல்லாம் மயங்காமல் அளவு எடுப்பது என்று முடிவு செய்தேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளமான ட்யூப் ஒன்று வைத்திருப்பார்கள். அதன் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், பொய் சொல்லாது. அதை வைத்து ஒவ்வொரு வீட்டு வாசல்படியும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இப்போது ஒரு முறையும் இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறையும் அளந்தால் தீர்ந்தது. ஆனால் எதிலிருந்து அளப்பது? அளவு என்றால் அசையாத ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைக்கிறோம், அந்தச் சுவரும் சேர்ந்து வளர்ந்தால் கோட்டுக்கு என்ன அர்த்தம்? அசையாத பொருள் எது என்று தெருவை ஒரு சுற்றுப் பார்த்தேன். தெருவின் வயல்பக்கக் கோடியில் கம்பீரமாக ஒரு வாசல்படி தெரிந்தது. என்னுடையது. அதில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். என் மனைவி "படியை அசிங்கம் பண்ணாதீங்க" என்றாள். விஞ்ஞானத்துக்கு எதிர்ப்பு எப்போதும் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் போயிற்று. இரண்டாம் முறை அளந்தேன். முடிவைப் பார்த்துத் திடுக்கிட்டு, ட்யூபை உதறி, தண்ணீரை மாற்றி மறுபடியும் அளந்தேன். அதே முடிவு. தெருவில் ஒரு வீடுகூட இறங்கவில்லை. எல்லா வீடும் உயர்ந்திருந்தது! தையல்காரம்மா வீடு அரை விரல்கடை, அதற்கு அடுத்தது இன்னும் கொஞ்சம், அப்படியே கூடிக்கொண்டே போய் டிரைவர் வீடு நான்கு விரல்கடை.

வேறொருவனாக இருந்தால் இந்த இடத்தில் யோசித்திருப்பான். நான் விளக்கம் கண்டுபிடித்தேன். அன்று மாலையே தெருவில் எல்லோரையும் கூட்டி, வீட்டிலிருந்து ஒரு தலையணையை எடுத்துவரச் செய்து, அதன் ஒரு மூலையைக் கையால் அழுத்திக் காட்டினேன். "இந்த மூலையை அழுத்துனா அந்த மூலை எழும்புது பாருங்க. வயல்பக்கம் மண் இறங்கினதால, நம்ம தெருப்பக்கம் மண் மேல வருது. நீங்க யாரும் இறங்கலை. உயர்ந்துட்டிருக்கீங்க!"

டிரைவர் குனிந்து தன் காலடி மண்ணைப் பார்த்தார்.

"அப்போ நான் இப்ப மாடி வீட்டுக்காரனா வாத்தியாரே?" என்று டிரைவர் கேட்டார். "வரியை ஏத்திடப் போறாங்க, மெதுவாச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரம்மா சிரிக்கவில்லை. "என் வீடு மேல போகுதுன்னா சுவர் ஏன் சார் பிளக்குது?" என்று கேட்டார்.

"வளர்ற பிள்ளைக்குச் சட்டை கிழியறதில்லையாம்மா? உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். அவருடைய தொழிலிலிருந்தே உதாரணம் எடுத்துவிட்டேன் என்ற பெருமிதத்தில் அன்று இரண்டு தம்ளர் தேநீர் குடித்தேன்.

குறை கேட்கும் அதிகாரிக்கு என் அறிக்கை மிகவும் பிடித்துவிட்டது. "இப்படி ஒரு கோணத்துல இதுவரைக்கும் யாருமே யோசிச்சதில்ல சார்" என்று தொலைபேசியில் நெகிழ்ந்தார். அது அப்பட்டமான உண்மை. சனிக்கிழமை விசாரணைக் கூட்டம், அங்கே அறிக்கையைப் படித்துப் புகார்களை முடித்துவிடுவார்கள், திங்கட்கிழமை தெருவுக்கு அடியில் தூண்களை எடுக்கத் தொடங்குவார்கள் என்று ஏற்பாடாயிற்று.

சனிக்கிழமை காலை நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது தையல்காரம்மா எங்கள் முன்னறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"சார், கடைசியா ஒரு தடவை கேளுங்க. திங்கட்கிழமை தூணை எடுத்தா என் வீடு நிக்காது. எனக்குத் தெரியுது சார், ராத்திரி படுத்தா முதுகுக்கே தெரியுது. வீடும் அதுதான், கடையும் அதுதான். நான் மிஷினைத் தூக்கிட்டு எங்க போவேன்?"

கண் கலங்கியவரிடம் ஆதரவாக நாலு வார்த்தை சொல்வதுதான் மனித இயல்பு. நான் உதாரணம் சொன்னேன்.

"இங்க பாருங்கம்மா. தோணுறது வேற, நடக்கிறது வேற. நீங்க ரயில்ல உட்கார்ந்திருக்கீங்க. பக்கத்துல இன்னொரு ரயில் நிக்குது. திடீர்னு அந்த ரயில் கிளம்பிப் போற மாதிரி தெரியும். ஆனா அது நின்னுட்டேதான் இருக்கும். உண்மையில நகர்றது எது? நாம அசையாம உட்கார்ந்திருக்கோம்னு நினைச்சுட்டிருக்கிற நம்ம சொந்த..."

அங்கே என் வாய் நின்றுவிட்டது.

"அப்புறம் சார்?" என்றார் தையல்காரம்மா.

நான் மெல்லத் தலையை வெளியே நீட்டி என் வாசல்படியைப் பார்த்தேன். சிவப்புக் கோடு பளிச்சென்று இருந்தது. தெருவே உயர்கிறது என்றால், வயலுக்குப் பக்கத்தில் இருக்கிற என் வீட்டிலிருந்து விலக விலக அதிகமாக உயர்கிறது என்றால், அசைவது தெரு அல்ல. நான் இத்தனை வருடம் பாடம் நடத்தியதில், என் உதாரணம் ஒன்று எனக்கே புரிந்தது அன்றுதான் முதல் தடவை.

"என்னங்க, ஏன் அப்படியே நிக்கிறீங்க?" என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்.

"நம்ம வீடு இறங்குது."

"அதைத்தானே எண்ணெய் ரெண்டு மாசமாச் சொல்லிட்டிருக்கு!"

கூட்டத்துக்கு ஓட வேண்டும், அறிக்கையை அதிகாரி படித்து முடிப்பதற்குள் நிறுத்த வேண்டும். பாய்ந்து போய் முன்கதவை இழுத்தேன். திறக்கவில்லை. நானும் என் மனைவியும் சேர்ந்து இழுத்தோம். கைப்பிடி கையோடு வந்தது. பின்கதவு அரிசி மூட்டைக்குப் பின்னால் எத்தனையோ நாளாகச் சாத்தியே கிடக்கிறது, அதுவும் அசையவில்லை. கடைசியில் ஜன்னல் வழி என்று முடிவாயிற்று. நல்லவேளையாக முன்னறை ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. தையல்காரம்மா வெளியே முக்காலி போட்டார், என் மனைவி உள்ளேயிருந்து தள்ளினாள், நான் கால்களை முதலில் வெளியே விட்டுப் பாதி உள்ளே பாதி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்போது டிரைவர் சைக்கிளில் வந்து ஒரு காலை ஊன்றி நின்றார்.

"என்ன வாத்தியாரே, சொந்த வீட்டுலயே திருட்டா?"

"காலைப் பிடிச்சு இழுங்க, அப்புறம் சொல்றேன்."

"இவ்வளவு நாள் நீங்கதான் எங்க காலை வாரினீங்க" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். சட்டை தோள்பட்டையில் கிழிந்தது. "தைக்க நேரமில்ல சார்" என்று தையல்காரம்மா ஊக்கு ஒன்றைக் குத்திவிட்டார். "வளர்ற பிள்ளைதானே" என்று மெதுவாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது. டிரைவரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் பழக்கதோஷத்தில் பேருந்து நிறுத்தம் ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கினார். ஒரு நிறுத்தத்தில் ஏறுவதற்கு ஒருவர் கையும் காட்டினார்.

நாங்கள் போய்ச் சேரும்போது அதிகாரி என் அறிக்கையின் தலையணைப் பகுதியை உணர்ச்சியோடு வாசித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே, "இது தப்பு" என்றேன்.

"இது நீங்க எழுதினதுதானே சார்? கையெழுத்து இருக்கே?"

"நான் எழுதினதுதான். பரீட்சை எழுதினவனே பேப்பரையும் திருத்தின மாதிரி ஆயிடுச்சு, அதுதான் தப்பு. என் வீட்டுப் படியிலேருந்து அளந்தேன். என் படியே இறங்கிட்டிருக்கு. மத்தவங்களைவிட அதிகமா இறங்குது. அதனால மத்தவங்க எல்லாம் உயர்ற மாதிரி தெரிஞ்சது."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் இருந்த என் பழைய மாணவர் ஒருவர், "சார் ஃபெயில்!" என்று கத்தினார். இருந்த இடத்திலிருந்தே சிவப்புப் பேனா ஒன்றையும் நீட்டினார். நான் வாங்கி, மேசைக்குப் போய், அறிக்கையின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை குறுக்கே கோடு இழுத்து, மேலே ஒரு முட்டை போட்டேன்.

அதிகாரிக்குத் தேன் வற்றிவிட்டது. "இப்படி நீங்க பாட்டுக்கு அடிச்சிட முடியாது சார். நீங்க நடுநிலையாளரா இருந்து கொடுத்த அறிக்கை செல்லும்" என்றார்.

"நான் எப்படிங்க நடுநிலையாளர்? உங்க கண்ணு முன்னாலதானே சொன்னேன், என் வீடு இறங்குதுன்னு. பாதிக்கப்பட்டவன் கொடுத்த அறிக்கை எப்படிச் செல்லும்?"

அவர் பக்கத்தில் இருந்த வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார். சம்பந்தி, என் வாழ்நாளில் என் வாதம் ஒன்று வேலை செய்ததை நான் நேரில் பார்த்தது அப்போதுதான். என் வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு அறிக்கை செல்லாது. அறிக்கை ரத்து, திங்கட்கிழமை தொடங்கவிருந்த வேலை தள்ளிவைப்பு, நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத வெளியூர் சர்வேயர் ஒருவர் புதிதாக அளந்து முடிக்கும் வரை தூண்களைத் தொடக்கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். சுரங்கம் இல்லாத இடத்தில், அசையாத ஒரு புள்ளியிலிருந்து அளக்க வேண்டும், அப்படிப்பட்ட இடம் எது என்று கேட்டார்கள். நான் உடனே எழுந்து நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் வாசல்படியைச் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் புகார் மனு ஒன்றை வாங்கி முதல் முறையாக நானும் பூர்த்தி செய்தேன். தையல்காரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கையெழுத்துப் போட்டு முடித்ததும், "இப்பத்தான் சார் நீங்க நம்ம தெருவுக்குக் குடி வந்திருக்கீங்க" என்றார். அதற்குப் பொருத்தமான உதாரணம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே விடுமுறைக்குக் குழந்தைகளை இங்கே அனுப்ப வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக, பெண் வீட்டார் வந்து நாள்கணக்கில் தங்குவது உசிதமல்ல என்று தெரிந்தும், நானும் என் மனைவியும் வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டிகளோடு அங்கே வந்து, அளவு முடியும் வரை இருக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். இங்கே இனி என்னால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. உறுதியான இடத்திலிருந்து அளக்கிறார்கள், முடிவு சரியாக வரும், தெரு பிழைக்கும். தங்கள் வீட்டைப் பற்றி நான் எந்தக் கருத்தும் சொல்லமாட்டேன், வாசல்படியில் எந்தக் கோடும் போடமாட்டேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் மனைவியின் அன்பையும் என் வணக்கத்தையும் சொல்லவும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். பேரப்பிள்ளைகள் தாத்தாவைவிட உயரமாகவும், தாத்தாவைவிட யோசித்தும் வளர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
தெருவிலேயே தாழ்ந்த வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இதைச் சேர்க்கிறேன். இப்போதுதான் பள்ளிக்கூடத்தின் இன்றைய தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, புகார் மனு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். யாருக்கு என்றேன். பள்ளிக்கூடத்துக்கு என்றார். மேசையில் வைத்த சாக்பீஸ் உருண்டு விழுகிறதாம், நான் பாடம் எடுத்த அறையில் கரும்பலகைக்கு மேலிருந்து கீழ் வரை விரிசலாம், அந்தப் பக்கமும் தூண்களை எடுத்து ஒரு வருடம் ஆகிறதாம். வெளியூர் சர்வேயர் இன்று காலை அங்கே வாசல்படியில் கருவியை நிறுத்தி அளக்கத் தொடங்கிவிட்டார். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எதையெல்லாம் அசையாதுன்னு நம்புறீங்களோ, அதுக்கு அடியில போய்ப் போய்த் தோண்டுறாங்களே!" என்கிறாள். வெள்ளிக்கிழமை நாங்கள் வரவில்லை. பெட்டிகளைப் பிரித்தாகிவிட்டது. சர்வேயர் அளந்து முடித்து எங்கள் தெரு மறுபடியும் உயர்ந்துவிடுவதற்குள் நான் ஓட வேண்டும், டிரைவர் சைக்கிளோடு நிற்கிறார். மேலே எழுதியதில் வணக்கங்களையும் ஆசிகளையும் தவிர மற்ற எல்லாவற்றையும் ரத்து செய்துகொள்ளவும்.